கிண்ணத்தில் எழுதாதே

பதினோராம் மாட்டுக் கணக்கெடுப்பு ஆண்டு
வெள்ளப் பருவம், இரண்டாம் மாதம், ஆறாம் நாள்
காளைமேடு

மன்னரின் பிரமிடுக்குக் கல் இழுக்கும் என் அண்ணன் இபிக்கு, தங்கை ஹெனுத் எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? தோளில் கயிறு அறுத்த இடம் ஆறிவிட்டதா? நாங்கள் நலம். அப்பாவின் கண்தான் முன்னைவிட மங்கிவிட்டது. தானியக் கணக்கை இப்போது நான் வாசிக்க, அவர் தலையாட்டுகிறார்.

இந்தக் கடிதம் ஐந்து ஓட்டுச் சில்லுகளில் வருகிறது. மேல் மூலையில் ஒரு கோடு, இரண்டு கோடு என்று போட்டிருக்கிறேன். வரிசை மாற்றிப் படித்துவிட்டு எனக்குப் புத்தி கலங்கிவிட்டதாக நினைக்காதே. ஒரு ஜாடி தானாக உடைந்தது. தானாகத்தான். அப்பா நம்பவில்லை.

நீங்கள் பத்துப் பேரும் படகேறிய பிறகு கிணற்றடியில் இதே பேச்சுதான். பண்ணைக் கணக்கர் நினைத்திருந்தால் கல் வேலைக்கான பட்டியலில் மகன் பெயரை விட்டிருக்கலாமே என்கிறார்கள். அப்பா காதில் விழுந்தது. "ஊர்ப் பிள்ளைங்க பேரையெல்லாம் எழுதின கை, என் பிள்ளை பேர் வந்தா மட்டும் வலிக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வலித்தது, அண்ணா. அன்றைக்கு எழுதிய நாணல் கோலைக் கழுவாமலே வைத்துவிட்டார். மை இறுகிப்போய் நான்தான் சுரண்டி எடுத்தேன்.

அம்மாவுக்கான கிண்ணத்தை இந்த வெள்ளத்துக்கு நான் ஒருத்தியே எழுதினேன். நீ இருந்தால் விளிம்பிலிருந்து நீ தொடங்குவாய், பாதியில் நான் வாங்கிக்கொள்வேன். எழுதும்போது பழைய நினைவு வந்தது. எழுத்து தெரிந்த புதிதில் உனக்கு விளையாட்டாக ஒரு கிண்ணத்தில் எழுதினேனே, அப்பா பிடுங்கித் தரையில் அடித்தார். "உடைஞ்ச ஓடு உசுரோட இருக்கறவங்களுக்கு. முழுக் கிண்ணம் செத்தவங்களுக்கு. மாத்தி எழுதினா அவன் அந்தப் பக்கம் போயிடுவான்" என்றார். பிறகு உடைந்த துண்டையே எடுத்து அதில் எனக்கு அடுத்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது கெட்ட செய்தி. கிண்ணத்தோடு மணல்மேட்டுக்குப் போனோம். அம்மாவைப் புதைத்த இடத்தில் நீ நட்டுவைத்த கழியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அம்மா எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இதுவோ அதுவோ என்று அப்பா மணலைத் தடவிப் பார்த்தார். கடைசியில் உத்தேசமாக ஓரிடத்தில் ரொட்டியும் பீரும் வைத்துவிட்டு வந்தோம். யார் சாப்பிட்டார்களோ.

அவ்வளவு பெரிய கல்லை எப்படி மேலே ஏற்றுகிறீர்கள்? அணிகள் தங்கள் பெயரைக் கல்லில் எழுதுமாமே, மாட்டுப் படகு ஓட்டும் ஹெசி மாமா சொன்னார், உண்மையா? எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் சுருக்காதே.

உன் பதிலுக்குப் படகுத்துறையில் நிற்கும்,
ஹெனுத்


வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், இரண்டாம் நாள்
பிரமிடுத் துறை

கணக்கரம்மா ஹெனுத்துக்கு, படிப்பில் உனக்கு எப்போதும் பின்னால் நின்ற அண்ணன் எழுதுவது.

ஹெசி மாமா உன் சில்லுகளை என் முன்னால் கொட்டி, "உன் தங்கச்சி சேதி அனுப்பறாளா, வீட்டை இடிச்சு அனுப்பறாளா?" என்றார். நான் சுண்ணாம்புக்கல் சிதறலில் எழுதுகிறேன். இங்கே அதற்குப் பஞ்சமில்லை. ரொட்டியிலும் அதுதான்.

கேட்டாயே, சொல்கிறேன். வெள்ளம் வயலை மூடினாலும் எங்களுக்குப் பாதி வேலையைச் செய்துதருகிறது. அக்கரைக் கல்லெல்லாம் படகில் பிரமிடின் காலடிவரை வந்துவிடுகிறது. இறக்கி மரச்சறுக்கில் கட்டுவோம். ஒருவன் முன்னால் குடத்தோடு பின்நடையாகப் போய்ப் பாதையில் தண்ணீர் ஊற்றுவான். குறைவாக ஊற்றினால் சறுக்கு நகராது, அதிகமாக ஊற்றினால் நாங்கள் வழுக்குவோம். தண்ணீர்க்காரன் கையில்தான் எங்கள் முதுகு. மேலே சரிவுப் பாதை. திருப்பங்களில் நெம்புகோல் போட்டுத் திருப்புவோம். பாட்டுக்காரன் அடி எடுத்துக்கொடுக்காவிட்டால் யாரும் இழுப்பதில்லை. ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இழுத்தால் கல் அசையாது, கயிறுதான் அறும்.

எங்கள் அணியின் பெயர் 'மன்னரின் குடிகாரர்'. சிரிக்காதே. எதிர் அணி 'மன்னரின் நண்பர்'. நேற்று எங்கள் கல் திருப்பத்தில் நின்றுவிட்டது. "ஏம்பா குடிகாரங்களா, நீங்க கல்லை இழுக்கறீங்களா, கல்லு உங்களை இழுக்குதா?" என்றார்கள். எங்கள் மெமி விடவில்லை. "நண்பருங்கதானே நீங்க? ராஜா என்னைக்குடா உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தாரு?" மெமி பக்கத்து ஊர்க்காரன், எனக்கு முன் கயிற்றில் நிற்பவன். நாள் முழுக்க அவன் அகலமான முதுகைத்தான் பார்க்கிறேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. ரொட்டி, வெங்காயம், கருவாடு, சில நாள் காளைமேட்டிலிருந்து வந்த மாடே கறியாக வரும். நம் மாடாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுகிறேன். எலும்பு முறிந்தால் கட்ட வைத்தியர் இருக்கிறார். நீண்ட கொட்டகையில் வரிசையாகப் படுக்கிறோம்.

பெயர் எழுதுவது உண்மைதான். ஒவ்வொரு கல்லிலும் அணியின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவோம், வெளியே தெரியாத பக்கத்தில். பக்கத்துக் கல் வந்து ஒட்டியதும் பெயர் உள்ளே போய்விடும். அதன் பிறகு காற்றும் தொடாது, தண்ணீரும் தொடாது. எங்கள் எழுத்தன் காய்ச்சலில் விழுந்ததால் அந்தத் தூரிகை இப்போது என் கையில். அப்பாவிடம் சொல், அடித்துச் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை.

அம்மா விஷயம் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. வந்ததும் நான் தேடுகிறேன். கழியை இன்னும் ஆழமாக நட்டிருக்க வேண்டும்.

இபி


வெள்ளப் பருவம், நான்காம் மாதம், ஒன்பதாம் நாள்
காளைமேடு

தூரிகை பிடித்த என் அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு மூன்று முறை வாசித்தேன். மெமி சொன்ன இடத்தில் மூன்று முறையும் சிரித்தார். கண் மங்கிய பிறகு அவர் அதிகம் சிரிப்பதில்லை, அதனால் நான்காம் முறையும் வாசிக்கப் போகிறேன்.

இனி எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

வெள்ளம் வடிந்தபின் தனியாக மணல்மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மணல் முழுக்க இடம் மாறியிருக்கிறது. நீ வந்து தேடினாலும் கிடைக்காது, அண்ணா. அம்மாவின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. அப்பாவும் நீயும் நானும் சொன்னால்தான் உண்டு. நாம் பாடத்தில் படித்திருக்கிறோமே, பெயர் சொல்ல ஆள் இருக்கும்வரைதான் இறந்தவர் இருப்பார்கள், பெயர் போனால் இரண்டாம் முறை சாவார்கள் என்று. நான் செத்த பிறகு யார் நுபெத் என்று சொல்லப்போகிறார்கள்?

காற்றும் தொடாது, தண்ணீரும் தொடாது என்று நீதான் எழுதினாய். தூரிகை உன் கையில்தான் இருக்கிறது. ஒரே ஒரு கல்லில், அணியின் பெயருக்குக் கீழே, சின்னதாக அம்மா பெயரை எழுதிவிடேன். மன்னரின் மலை நிற்கும்வரை அம்மா இருப்பாள். பக்கத்துக் கல் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

தப்பு என்றால் வேண்டாம். ஆனால் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யோசித்து யோசித்துத்தான் கேட்கிறேன்.

ஹெனுத்


விதைப்புப் பருவம், முதல் மாதம், பதினெட்டாம் நாள்
பிரமிடுத் துறை

ஹெனுத்,

எழுதிவிட்டேன்.

முதலில் முடியாது என்றுதான் இருந்தேன். மன்னரின் கல்லில் மன்னர் பெயரைத் தாங்கிய அணியின் பெயரைத் தவிர வேறு எதுவும் கூடாது. மெமியிடம் கேட்டேன். "என் மாமியார் பேரையும் எழுது. ஆனா மேல பெரிய கல்லா வை, எந்திரிச்சு வந்துடப் போறா" என்றான். பிறகு நடக்கும்போது திரும்பாமலே, "எழுதுடா. எங்கம்மா பேரும் எங்கேயும் இல்லை" என்றான்.

இன்று மாலை கடைசிக் கல். எல்லோரும் திருவிழா பீருக்கு இறங்கிவிட்டார்கள். அணியின் பெயருக்குக் கீழே, என் உள்ளங்கை அகலத்தில் எழுதினேன். நுபெத். அம்மா என் தலையில் கைவைத்த மாதிரி இருந்தது. உனக்கு இது தெரிய வேண்டும்.

நாளையும் மறுநாளும் திருவிழா, வேலை இல்லை. அது முடிந்ததும் வரும் முதல் கல் அதை மூடிவிடும். ஹெசி மாமாவின் படகு இப்போதே கிளம்புகிறது. அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

இனி அம்மாவைத் தேட வேண்டியதில்லை.

இபி


விதைப்புப் பருவம், முதல் மாதம், இருபத்தேழாம் நாள்
காளைமேடு

அண்ணா,

உன் கடிதக் கல் வந்தபோது படகுத்துறையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஹெசி மாமா பயந்துபோய், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நல்ல சேதி என்றேன். நல்ல சேதிக்கு இப்படி அழுதால் கெட்ட சேதிக்கு ஆறு பெருகிவிடுமே என்றார்.

சந்தோஷம் தாங்காமல் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"மூடிட்டாங்களா?" என்று கேட்டார்.

திருவிழா முடிந்ததும் மூடிவிடுவார்கள் என்றேன்.

"வேலை இல்லாத நாள்லதான் அளவுக்காரங்க மேல ஏறுவாங்க. தூசி இருக்காது, ஆள் இருக்காது, நூல் பிடிச்சுப் பாக்க வசதி. அவனுக்கு அது தெரியாதா?"

எனக்குத் தெரியாது, அண்ணா. உனக்கும் தெரியாது, இல்லையா? நாம் இருவரும் எழுதக் கற்றுக்கொண்டோம், இதை யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. கல் மூடிவிட்டது என்று ஒரு வரி போதும். ஒரே வரி. உடனே எழுது.

ஹெனுத்


விதைப்புப் பருவம், இரண்டாம் மாதம், நான்காம் நாள்
பிரமிடுத் துறை

ஹெனுத்,

அப்பா சொன்னது சரி. திருவிழாவின் இரண்டாம் நாள் அளவுக்காரர்கள் ஏறினார்கள்.

கங்காணி எங்கள் அணி முழுவதையும் கல்லின் முன் நிறுத்தினார். யார் எழுதியது என்று கேட்க வேண்டியதே இல்லை, தூரிகை யார் கையில் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார். மெமி ஒரு அடி முன்னால் வைத்தான். அவனுக்கு எழுதத் தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவனைப் பின்னால் இழுத்துவிட்டு வந்து நின்றேன்.

"யாருடா இந்த நுபெத்?"

"எங்கம்மா, ஐயா."

"ராஜா படுக்கற இடத்துல உங்கம்மாவுக்கும் பாய் விரிச்சியா?"

கூர்க்கல்லை என் கையிலேயே கொடுத்தார்கள். நான்தான் சுரண்டினேன். ஒவ்வொரு எழுத்தாக. அவர் பக்கத்தில் நின்று, இன்னும் தெரியுது, இன்னும் தெரியுது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதிர் அணியும் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று யாரும் கேலி செய்யவில்லை.

அம்மாவின் பெயரை அவள் மகன் கையாலேயே அழித்தேன். இதை அப்பாவுக்கு வாசிக்காதே.

செம்பு வெட்டப் போகும் கூட்டத்தோடு என்னை அனுப்புகிறார்கள். கிழக்கே பாலைவனம் தாண்டி, கடல் தாண்டி. நாளை விடியலில் நடை. மெமி தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். சற்றே சின்னது. வேண்டாம் என்றால் அழுவான் போலிருந்தது, வாங்கிக்கொண்டேன்.

நீ கேட்டதால் வந்தது என்று நினைக்காதே. எனக்கும் அவள் அம்மாதான்.

ஒன்றே ஒன்று. அங்கிருந்து சேதி அனுப்ப வழியில்லை. வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். எத்தனை நாளானாலும் எனக்கு உடைந்த ஓட்டிலேயே எழுது. கிண்ணத்தில் எழுதாதே. நீ கிண்ணத்தை எடுக்காதவரை நான் எங்கேயோ நடந்துகொண்டிருப்பேன். அந்த மண்ணில் என்னைப் புதைக்கவும் ஆளில்லை, தண்ணீர் ஊற்றவும் ஆளில்லை. அதனால் நான் சாகப்போவதில்லை. சரியா, கணக்கரம்மா?

இபி


அறுவடைப் பருவம், முதல் மாதம், பன்னிரண்டாம் நாள்
காளைமேடு

அண்ணா,

சரி.

பார்லி நன்றாக வந்திருக்கிறது. உன் பங்குக்கு அறுக்க ஆளில்லாமல் நானும் அரிவாள் பிடித்தேன். விரல் வெட்டியதால் எழுத்து கோணலாக இருக்கிறது, கேலி செய்யாதே. உன் கடைசிக் கடிதத்தில் பாதியைத்தான் அப்பாவுக்கு வாசித்தேன். நான் நிறுத்திய இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கே நிறுத்துவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தச் சில்லை ஹெசி மாமா பிரமிடுத் துறைவரை கொண்டுபோவார். அங்கிருந்து பாலைவனத்துக்குப் போகும் கழுதைக்காரர் யாரிடமாவது கொடுப்பதாகச் சொன்னார். சின்ன ஓடாகப் பார்த்து எடுத்தேன், சுமை தெரியாமல் இருக்கட்டும் என்று.

நீ எழுத வேண்டாம். நடந்துகொண்டிரு.

ஹெனுத்


பன்னிரண்டாம் மாட்டுக் கணக்கெடுப்பு ஆண்டு
வெள்ளப் பருவம், மூன்றாம் மாதம், இருபதாம் நாள்
காளைமேடு

அண்ணா,

உன்னோடு பிரமிடுக்குப் படகேறிய ஒன்பது பேரும் திரும்பிவிட்டார்கள். ஊரே துறையில் நின்றது. அவரவர் வீட்டார் அவரவரைக் கட்டிக்கொண்டு போன பிறகு துறையில் நானும் அப்பாவும் நின்றோம். படகு காலியாகிவிட்டது என்று அப்பாவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒருவர் வாசலில் வந்து நின்றார். முதுகைத் திருப்பியதும் அவர் மெமி என்று தெரிந்துகொண்டேன், நீ எழுதியபடியே அகலமான முதுகு. உள்ளே வரவில்லை. நின்றபடியே சொன்னார். செம்புக் கூட்டம் திரும்பிவிட்டது. அவர்களில் ஒருவனைத் துறையில் பார்த்து உன்னைக் கேட்டிருக்கிறார்.

"முதல் கிணத்துல எண்ணுனப்போ இருந்தானாம்மா. கால்ல புண்ணு, நொண்டிக்கிட்டே வந்தானாம். அடுத்த கிணத்துல எண்ணுனப்போ இல்லையாம்."

"யாரும் திரும்பிப் போய்ப் பாக்கலையா?"

"போனா போறவனுக்கும் தண்ணி பத்தாது." பிறகு தன் வெறும் காலைப் பார்த்துக்கொண்டே, "என் செருப்பு அவனுக்குச் சின்னதும்மா" என்றார்.

நீ செத்ததை யாரும் பார்க்கவில்லை. மணல்நாட்டு ஆட்டிடையர்கள் வழியில் விழுந்தவர்களைத் தூக்கிப்போய்ப் பிழைக்கவைப்பது உண்டு என்று ஹெசி மாமா சொல்கிறார். ஒருவர் ஏழு வருடம் ஆடு மேய்த்துவிட்டு வந்தாராம். அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டேன். மாமா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நான் உடைந்த ஓட்டில்தான் எழுதுகிறேன். பார்த்துக்கொள்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. நீ உயிரோடிருந்து நான் கிண்ணத்தில் எழுதினால் உன்னைக் கொன்றவள் ஆவேன். நீ இறந்திருந்து நான் எழுதாவிட்டால், அங்கே உனக்கு ரொட்டி இல்லை, தண்ணீர் இல்லை, யாரும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இரண்டில் எது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "கிண்ணத்துப் பக்கமே போகாதே" என்றார், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கத்திய அதே குரலில்.

ஹெனுத்


பதின்மூன்றாம் மாட்டுக் கணக்கெடுப்பு ஆண்டு
வெள்ளப் பருவம், இரண்டாம் மாதம், ஆறாம் நாள்
காளைமேடு

இபி அண்ணா,

இது கிண்ணம்.

சென்ற கடிதத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று ஹெசி மாமா திருப்பிக் கொண்டுவந்தார். அதை உன் படுக்கை இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எழுதிய சில்லுகளும் அங்கேதான் இருக்கின்றன. குவியல் பெரிதாகிவிட்டது. பார்ப்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

இன்று காலை அம்மாவுக்குக் கிண்ணம் எழுதி முடித்தேன். அப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே சமையல் பக்கம் போனார். தடவித் தடவி இன்னொரு கிண்ணத்தை எடுத்துவந்தார். எங்கேயாவது விரிசல் இருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றி விரலால் பார்த்தார். இல்லை. என் மடியில் வைத்தார்.

"எழுதும்மா" என்றார். "பிள்ளை பசியா இருப்பான்."

நான் மாட்டேன் என்றேன். உனக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. பட்டியலில் உன் பெயரை எழுதியதும் அவர்தான், கிண்ணத்தைக் கொடுத்ததும் அவர்தான், உனக்குக் கோபம் வந்தால் தன் மேல் வரட்டும் என்றார். பிறகு என் கையில் கோலை வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். எனக்கு முதல் எழுத்து சொல்லிக்கொடுத்தபோது பிடித்த மாதிரி. அதனால் எழுத்து கொஞ்சம் கோணல்.

உனக்கென்று ஒரு இடம் இல்லை. அம்மாவின் இடமும் தெரியாது. மணல்மேட்டில் இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்போகிறோம். நீதான் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வந்ததும் தேடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அவள் பெயரை அழித்ததை அவளிடம் நீ சொல்ல வேண்டியதில்லை. அவள் கிண்ணத்தில் நான் சொல்லிவிட்டேன், யார் கேட்டு எழுதினாய் என்பதையும்.

ரொட்டி நான் சுட்டது. ஒரு பக்கம் கருகிவிட்டது. வெங்காயம் இரண்டு. அப்பா தன் பங்குப் பீரை ஊற்றியிருக்கிறார்.

நீ இப்போது எங்கேயாவது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தால், அண்ணா, இது உனக்கு இல்லை. கண்ணில் பட்டாலும் படிக்காதே. காலால் உதைத்து உடைத்துவிட்டு நடந்துகொண்டிரு.

எழுத்து விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி அடிக்கு வந்துவிட்டது. இதன் மேல்தான் ரொட்டியை வைப்போம். சாப்பிட்டு முடித்தால்தான் இந்த வரி தெரியும். ஒரு பெயருக்குத்தான் இடம் மிச்சம் இருக்கிறது. அதில் நான் என் பெயரை எழுதப்போவதில்லை. உன் பெயரை அப்பாவும் நானும் தினமும் சத்தமாகச் சொல்லுவோம்.

இபி